எழுதுகோல் ஏந்திய கை: பார்வையும் செவியும் இழந்தோர் வாழ்வு குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மதுரையைக் கண் மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற ஊராக இன்று உலகம் அறியும். 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு பல மொழிகளில் எழுதப்பட்டுவிட்டது. அது பெரும்பாலும் கண்புரை நீங்கிப் பார்வை மீண்டவர்களின் வரலாறு. பார்வை மீளாதவர்களின் வரலாறு ஒன்றும் இதே ஊரில் உண்டு. அதை எழுதியவர் மிகச் சிலர். அதனினும் அரிதாகப் பேசப்படுவது, பார்வையோடு செவியும் போய்விட்ட மனிதரின் நிலை. அவர் தம் வாழ்வைத் தாமே மீண்டும் நடத்துவது இயலுமா, இயலுமாயின் எதைக்கொண்டு என்னும் வினாவை மதுரையின் அண்மைக்கால அனுபவத்தையும் நம் மரபு நூல்கள் தரும் செய்தியையும் அருகருகே வைத்து நோக்க விரும்புகிறோம்.

வைகைச் சமவெளியில் பார்வையிழப்பு பல வேளைகளில் சொல்லாமல் வருவது. கதிரறுக்கும்போதோ தூற்றும்போதோ கண்ணில் படும் நெல் தாளின் கீறல், உமித் துகள், மாட்டின் வால் வீச்சு ஆகியவற்றில் தொடங்கி, பூஞ்சை பற்றி, சில வாரங்களில் கருவிழி வெண்மை படர்ந்து போவதை இவ்வட்டாரத்து உழவர் குடும்பங்கள் தலைமுறைகளாய் அறியும். மதுரை மாவட்டத்தில் 1990களில் நடந்த ஆய்வு, ஆண்டொன்றுக்கு 10,000 பேரில் ஏறத்தாழ 11 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாகக் கணக்கிட்டது. எல்லாப் புண்ணும் பார்வையைப் பறிப்பதில்லை. பறித்துவிட்டாலோ, நேற்றுவரை ஏர் பிடித்தவர் இன்று வாசற்படி தேடுபவராகிறார். பிறவியிலேயே பார்வையற்றவரின் சிக்கல் வேறு, இவருடைய சிக்கல் வேறு. இவர் கற்கவேண்டியதற்கு முன்னால் மறக்கவேண்டியது நிறைய இருக்கிறது.

இந்த வேறுபாட்டைத் தம் உடம்பிலேயே உணர்ந்த ஒருவர் மதுரைக்கு வாய்த்தார். டாக்டர் கோ. வேங்கடசாமி 1918இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1944இல் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். முப்பது வயதை எட்டுமுன் முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1948இல் படைப்பணி முடிந்தது. எழுந்தபோது விரல்கள் கோணிப் போயிருந்தன. மகப்பேற்று மருத்துவம் கைவிட்டுப் போயிற்று. அவர் கண் மருத்துவம் பயின்றார். கோணிய விரல்களால் கத்தி பிடிக்கத் தாமே பழகினார். பிற்காலத்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட கண் அறுவைகளை அவ்விரல்களே செய்தன. 1956 முதல் மதுரை அரசு மருத்துவமனையில், அதாவது அந்நாளைய எர்ஸ்கின் மருத்துவமனையில், கண் பிரிவின் தலைவராக இருந்தார். கோரிப்பாளையம் தர்காவுக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள மருத்துவமனை அது. கண் போனவரை அழைத்துக்கொண்டு வருவோர் இரண்டு வாசல்களையும் மிதித்துச் செல்வது அப்பகுதியில் வியப்பன்று.

அவர் 1960இல் கிராமங்களில் கண் முகாம்களைத் தொடங்கியதைப் பலரும் சொல்வர். 1966இல் பார்வையற்றோர்க்கான மறுவாழ்வு மையம் ஒன்றை மதுரையில் ஏற்படுத்தியதைச் சொல்வோர் குறைவு. அறுவை செய்து பார்வை தருபவர், தம்மால் பார்வை தர இயலாதவரை வாசலோடு அனுப்பிவிடவில்லை என்பதே இதில் நாம் கருதவேண்டியது.

அக்காலத்தில் அவர் முயற்சிக்குத் துணைநின்றவர் ஆங்கிலேயரான ஜான் வில்சன். 1931இல், 12 வயதில், பள்ளி வேதியியல் வகுப்பில் நேர்ந்த வெடிப்பில் அவருக்கு இரு கண்களும் ஒரே நொடியில் போயின. பின்னர் ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்றார். 1950இல், பிற்காலத்தில் காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கம் எனப் பெயர்பெற்ற அமைப்பை நிறுவினார். பார்வையற்றவர் என்றால் நகரத்து விடுதியில் அமர்த்திக் கூடை முடையச் செய்வது என்றிருந்த வழக்கத்துக்கு மாறாக, உழவரை உழவராகவே வைத்துப் பயிற்றும் முறையை அவ்வமைப்பு ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பியது. மதுரைச் சமவெளி போன்ற இடத்துக்கு அதுவே பொருந்தும். வீட்டிலிருந்து கிணற்றுக்குக் கயிறு கட்டி நடை பழகுவது, காசையும் தாளையும் விரலால் இனங்காண்பது, ஆட்டை அதன் கழுத்து மணியோசையால் அறிவது ஆகியவை ஊர் மாறாமல் கற்கத்தக்கவை. விரலும் கண்ணும் இழந்த இருவர், இழப்புக்குப் பின் மனிதர் எப்படி நிமிர்கிறார் என்பதை ஏட்டில் படித்தறிய வேண்டிய நிலையில் இருக்கவில்லை.

இவ்வரலாற்றில் நம் சமுதாயத்தார் ஒருவருக்கும் உரிய இடம் உண்டு. இளமையிலேயே பார்வையிழந்த எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவினார். அழகர்கோயில் சாலைப் பக்கம் சுந்தரராஜன்பட்டியில் அச்சங்கம் வளர்ந்தது. சமயம் பாராமல் சிற்றூர்ப் பிள்ளைகள் அங்குப் பயின்று வெளியேறினர். பார்வையுள்ளோர் பார்வையற்றோர்க்காக நடத்தும் நிலையங்கள் பல. பார்வையற்றவர் ஒருவர் தாமே நிறுவித் தலைமையேற்று நடத்திய நிலையம் என்பதால் இது தனித்து நிற்கிறது. நம் இதழ்களில் செல்வந்தர்களுக்கும் அரசியலாளர்களுக்கும் கிடைத்த பக்கங்களில் பத்திலொன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

இதுவரை சொன்னவை யாவும் செவியை நம்பி நிற்பவை. மணியோசை, குரல், பாடம் ஓதக் கேட்டல் எல்லாம் காதின் வழி. நம் மரபு பார்வையற்றோர்க்கு இடமளித்ததும் இவ்வழியாகவே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்றபோது பலமுறை நகரப் பொறுப்பை ஒப்படைத்தது பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம். வழிகாட்டி இல்லையென்று கூட்டுத் தொழுகைக்கு விலக்குக் கேட்ட பார்வையற்ற தோழரிடம் நபியவர்கள் திருப்பிக் கேட்டது, பாங்கு காதில் விழுகிறதா என்பதையே. இப்னு அப்பாஸ் (ரலி), ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) ஆகியோர் பிற்காலத்தில் பார்வையிழந்த பின்னும் கல்விப் பணியில் நின்றனர். பஸராவின் கதாதா பிறவியிலேயே பார்வையற்றவர்; திருக்குர்ஆன் விரிவுரையாளர் வரிசையில் முன் நிற்பவர். தமிழிலும் அப்படியே. மூன்று வயதில் அம்மையால் கண்ணிழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சேதுபதியின் அவைக்களத்தில் வீற்றிருந்தார். கல்வி ஓசையாய் இருந்த காலம் அது. கண்ணின்மை அதற்குப் பெருந்தடை ஆகவில்லை. வட இந்திய முஸ்லிம்கள் பார்வையற்ற எவரையும் மரியாதையாக ‘ஹாஃபிஸ்ஜி’ என விளிப்பதும் இம்மனப்போக்கின் எச்சமே.

செவியும் போய்விட்டால்? பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோர் பள்ளியும், அந்நூற்றாண்டு முடியுமுன் காது கேளாதோர் பள்ளியும் கிறித்தவ சமயப் பணியாளர்களால் தோன்றின. தென் தமிழகத்துக்கு இரண்டும் பெரும் பேறு. முதலாவது காதின் துணையோடும், இரண்டாவது கண்ணின் துணையோடும் கற்பித்தது. இரண்டையும் இழந்தவருக்கு இரண்டு வாசலும் அந்நியமானவை. ஹெலன் கெல்லர் 1955இல் இந்தியாவுக்கு வந்து சென்ற பின்னும் நெடுங்காலம் இந்நிலை மாறவில்லை. அவர் பெயர் தாங்கிய நிலையம் மும்பையில் 1977இல்தான் ஏற்பட்டது.

இவ்விடத்தில், ஏறத்தாழ பத்தரை நூற்றாண்டுகளுக்கு முன் குராஸான் நாட்டு நைஸாபூரில் வாழ்ந்த பேரறிஞர் ஒருவரின் இறுதி நாட்களைச் சற்று விரிவாக நோக்குவோம். அபுல் அப்பாஸ் முஹம்மது இப்னு யஃகூப் (ரஹ்), வரலாற்றில் ‘அல்அஸம்’ என்றே வழங்கப்படுபவர். அச்சொல்லுக்குச் செவிடர் என்பது பொருள். ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) பிறந்தார். ஹிஜ்ரி 265இல் தம் தந்தையோடு பயணம் புறப்பட்டு, இஸ்பஹான், மக்கா, எகிப்து, ஷாம், பாக்தாத் எனச் சுற்றி நபிமொழி கேட்டார். எகிப்தில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மாணவர் ரபீஉ இப்னு ஸுலைமானிடம் இமாமின் நூல்களைக் கேட்டார். ஊர் திரும்பியபோது வயது முப்பது. அதன் பின்னரே செவி மங்கத் தொடங்கி, கழுதை கத்தினாலும் கேளாத அளவுக்கு முற்றிற்று.

கேட்டலையே உயிராகக் கொண்ட கல்வித் துறையில் ஒருவருக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை. மாணவர் ஓத ஆசிரியர் கேட்டுத் திருத்துவது அக்காலத்தில் பரவலாக இருந்த முறை. அது இவருக்கு அடைபட்டது. எஞ்சியது, தாம் முன்னரே கேட்டு எழுதி வைத்த ஏடுகளும் தம் குரலும் கண்ணும். இவற்றைக்கொண்டு அவர் தம் வாழ்வை அமைத்துக்கொண்டார். ஏட்டைப் பார்த்துத் தாமே படிப்பார், மற்றவர் எழுதிக்கொள்வர். பிழைப்புக்கு நூல் படியெடுத்துக் கூலி பெற்றார். நபிமொழி சொல்வதற்குப் பொருள் வாங்குவதை வெறுத்தார். எழுபத்தாறு ஆண்டுகள் அவர் அறிவிப்பாளராக விளங்கினார். பேரனும் பாட்டனும் ஒரே ஆசிரியரிடம் கேட்டவர்களாய் அமைவது அவரால் நேர்ந்தது. ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் அறிந்த ‘முஸ்னதுஷ் ஷாஃபிஈ’ என்னும் தொகுப்பு இவர் ரபீஇடம் கேட்டவற்றிலிருந்து உருவானதே.

தம் பள்ளிவாசலில் எழுபது ஆண்டுகள் பாங்கு சொன்னவரும் அவரே என்று அவர் மாணவர் இமாம் ஹாகிம் (ரஹ்) பதிவு செய்கிறார். அந்த எழுபதில் பெரும்பகுதி, தாம் எழுப்பும் அழைப்பைத் தாமே கேளாத ஆண்டுகள். ஒருநாள் அஸருக்குப் பாங்கு சொல்ல நின்றவர், பழக்கத்தின் வேகத்தில், ரபீஉ எமக்கு அறிவித்தார் என்று ஓங்கிய குரலில் தொடங்கிவிட்டார். பின்னர் தாமும் சிரித்தார், இருந்தோரும் சிரித்தனர். அதன் பிறகே பாங்கு சொன்னார். ஊராரோடு சேர்ந்து சிரிக்கும் இடத்தில் அவர் இருந்தார் என்பதை இக்குறிப்பால் அறிகிறோம். பரிதாபத்துக்குரியவராக ஒதுக்கப்பட்டவரைப் பற்றி இத்தகைய செய்தி எழுதப்படுவதில்லை.

ஹிஜ்ரி 344 ரபீஉல் அவ்வலில் (கி.பி. 955) நடந்ததை ஹாகிம் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மக்கள். வெளியூரார் திரண்டிருந்தனர். தொண்ணூற்றைந்தைத் தாண்டிய முதியவரை வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குத் தோளில் சுமந்து வந்தனர். அவர் பள்ளிவாசல் சுவரில் அமர்ந்து நெடுநேரம் அழுதார். இத்தெருவுக்குள் உங்களில் ஒருவரும் வராத நாளைக் காண்பதுபோல் இருக்கிறது. செவி இல்லை, பார்வையும் தளர்ந்துவிட்டது, புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது என்னும் பொருள்படப் பேசினார். ஒரு மாதம் ஆகுமுன் பார்வை முற்றிலும் போயிற்று. வெளியூரார் கலைந்தனர், பயணங்கள் நின்றன. அதன்பின் அவரைக் காண வருவோர் செய்தது ஒன்றே. அவர் கையில் ஓர் எழுதுகோலை வைப்பார்கள். எழுதுகோல் கையில் பட்டதும், நபிமொழி கேட்க வந்திருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வார். மனத்தில் இருந்த பதினான்கு நபிமொழிகளையும் ஏழு நிகழ்ச்சிகளையும் சொல்வார். ஹிஜ்ரி 346இல் (கி.பி. 957) மறையும்வரை, ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம், இவ்வாறே கழிந்தது. இறுதியில் அவர் நிலை மிக மோசமாயிற்று என்ற செய்தியையும் வரலாற்று நூல்கள் மறைக்கவில்லை.

எழுதுகோலை வைத்தவர் எவர் என்று நூல்கள் கூறவில்லை. எவராயினும், சொல் நுழைய வழியற்றுப் போன ஒரு மனிதரிடம் தோலின் வழியே பேசலாம் என்று கண்டவர் அவர். ஆயினும் நாம் இங்கே ஒன்றைக் கேட்டாக வேண்டும். அவ்வெழுதுகோல் ஒரே செய்தியைத்தான் சுமந்தது. எங்களுக்குச் சொல்லுங்கள் என்பதே அச்செய்தி. வந்தவர் பெயரென்ன, எவ்வூரார், வெளியே மழையா வெயிலா, பழைய மாணவர் உயிரோடு இருக்கிறாரா என்பவற்றை அவருக்குச் சொல்ல எவரும் அடையாளம் வகுத்ததாகத் தெரியவில்லை. அவரிடமிருந்து பெறுவதற்கு வழி இருந்தது, அவருக்குத் தருவதற்கு இல்லை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் செவியின்மையை வென்று உழைத்து உண்டவர், கடைசி இரண்டாண்டில் தளர்ந்ததற்கு முதுமை மட்டுமே காரணமென்று நம்மால் முடிவுகட்ட இயலவில்லை.

தருவதற்கான வழி வேறொரு நாட்டில், 19ஆம் நூற்றாண்டில், இதே வரிசையில் இழந்த ஒருவரால் வகுக்கப்பட்டது. ஹியரோனிமஸ் லோர்ம் என்னும் புனைபெயர் கொண்ட ஆஸ்திரிய எழுத்தாளர் (1821–1902) இளமையில் செவியையும், அறுபது வயதளவில் பார்வையையும் இழந்தார். உள்ளங்கையிலும் விரல்களிலும் புள்ளியாலும் கோட்டாலும் எழுத்துகளைத் தொட்டுக் காட்டும் ஒரு முறையை அவர் ஏற்படுத்தினார். ஜெர்மானிய மொழி பேசும் நாடுகளில் இன்றும் அது வழக்கில் உள்ளது. அதற்குக் கருவி வேண்டா, பொருட்செலவு வேண்டா. எதிரிலிருப்பவர் கற்றுக்கொள்ள ஒப்பவேண்டும், அவ்வளவே. தொடுகையால் எழுத்தறியும் எண்ணம் நம்மவர்க்கும் புதிதன்று. பார்வையற்ற பெருமக்களின் வரலாற்றைத் தனி நூலாகத் தொகுத்த ஸஃபதீ (இறப்பு ஹி. 764), பாக்தாதின் ஸைனுத்தீன் ஆமிதீ தம் நூல்களின் விலையை அறியத் தாளை முறுக்கி எழுத்து வடிவாக்கி அட்டையுள் ஒட்டிவைத்திருந்த செய்தியைக் கூறுகிறார். பிரெயிலுக்கு ஐந்து நூற்றாண்டு முந்தியது அது. ஒருவரின் வீட்டு வழக்கமாகவே நின்றுவிட்டது. மாணவர் எவரும் அதை விரித்துப் பரப்பவில்லை.

தன்னுரிமை வாழ்வின் உரைகல் வாங்கலும் விற்றலும். நம் சட்ட நூலோர் இதனை நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்து ராவுத்தர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், பார்வையற்றவரின் கொள்முதலும் விற்பனையும் செல்லும். தொட்டறியும் பொருளைத் தொட்டும், முகரும் பொருளை முகர்ந்தும், சுவைக்கும் பொருளைச் சுவைத்தும் அறிந்தால் கண்ணால் கண்டதற்கு அது நிகராகும் என மர்கீனானீ (ரஹ்) தம் ஹிதாயாவில் விளக்குகிறார். ஷாஃபிஈ மத்ஹபின் வழக்கமான கருத்து இதினும் இறுக்கமானது. கண்முன் உள்ள பொருளின் விற்பனைக்கு முகவர் தேவை என்கிறது. ஆனால் அதே மத்ஹபின் மின்ஹாஜில் நவவீ (ரஹ்) ஒரு விதியைத் தருகிறார். பார்வையற்றவர் காதில் ஒருவன் வாக்குமூலம் தர, அவர் அவனை விடாமல் பிடித்துக்கொண்டு நீதிபதி முன் கொண்டுவந்து நிறுத்தினால், அவருடைய சாட்சியம் ஏற்கப்படும். கண் செய்யவேண்டிய அடையாளங்காணலை இங்கே கைப்பிடி செய்கிறது. வாய் பேசவியலாதவரின் சைகையைப் பேச்சுக்கு ஒப்பாக்கிய உதுமானிய மஜல்லாவின் விதியிலோ, சைகை ‘அறியப்பட்டதாக’ இருக்கவேண்டும் என்னும் அடைமொழி உள்ளது. இவ்வடைமொழி பெரிதும் கருதத்தக்கது. சைகை செய்பவரின் திறமை மட்டும் போதாது. சுற்றியிருப்போர் அதை அறிந்திருந்தாலன்றி அது பேச்சாகாது. உமையாக்களின் கலீஃபா வலீத், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியை அமர்த்தினார் எனத் தபரீ எழுதுவதை அரசுக் கொடை என்று மட்டும் நாம் படித்துப் பழகிவிட்டோம். கையைப் பிடிக்கத் தெரிந்த இன்னொருவர் இருந்தாலே ஒருவரின் சுதந்திரம் நடைபெறும் என்பதும் அதனுள் அடங்கும்.

நம் மஹல்லாக்களில் பார்வையும் செவியும் ஒருங்கே தளர்ந்தவர் பெரும்பாலும் முதியோரே. பெருநாள் அன்று உறவினர் வருவர். காதருகே கூவுவர்; பின் கையைத் தடவிக் கண்கலங்கி எழுந்து செல்வர். வந்தவர் மகனா மருமகனா என்பது அம்முதியவருக்குத் தெரியாமலேயே போகும். மகன் வந்தால் மணிக்கட்டில் இருமுறை தட்டுவது, தொழுகை நேரமானால் உள்ளங்கையில் ஒரு கோடு இழுப்பது, உணவென்றால் விரல் நுனிகளைக் குவிப்பது என்று ஐந்தாறு அடையாளங்களைக் குடும்பத்தார் தமக்குள் வகுத்துக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். எழுத்தறிந்தவராயின் உள்ளங்கையில் தமிழெழுத்தையே விரலால் பெரிதாக எழுதலாம். இளமையில் இழந்தவருக்கோ வழி இன்னும் அகன்றது. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் தமிழும் அமைந்துள்ளது. கைப்பேசியில் வரும் எழுத்தை உயர்ந்து தாழும் புள்ளிகளாக மாற்றிக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றின் விலை எளியோர்க்கு எட்டாதது. ஸகாத், ஸதகா நிதிகள் திரளும் ஊர்களில் அது எட்டாத தொகையும் அன்று.

அரசின் ஏடுகளில் இவர்கள் இடம்பெற்றது அண்மையில்தான். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொண்டது. பார்வையின்மை ஒன்று, செவியின்மை ஒன்று. இரண்டும் சேர்ந்த நிலைக்குத் தனிப்பெயர் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறித்து, பார்வையும் செவியும் ஒருங்கே இழந்த நிலையை அதன் பெயராலேயே எழுதிற்று. சட்டத்தில் பெயர் வேண்டும். சான்றிதழும் உதவியும் அதன்வழியே வருவன. மனிதரை விளிக்கும் பெயர் வேறு. செவிடர் என்று தாம் அழைக்கப்படுவதை அபுல் அப்பாஸ் (ரஹ்) விரும்பவில்லை என ஹாகிம் எழுதுகிறார். அதனை அறிந்திருந்த நைஸாபூரின் இமாம் அபூபக்ர் இப்னு இஸ்ஹாக் (ரஹ்), அவரைக் குறிக்கும்போதெல்லாம் ‘மஅகிலீ’ என்று அவருடைய குடிப்பெயராலேயே குறித்துவந்தார். பிற்கால நூல்களில் நிலைத்ததோ ‘அல்அஸம்’ என்பதே.